பைப்புக்கு லேகிங் இருக்கு, வால்வுக்கு ஏன் இல்ல?

திருப்பூர், பெருந்துறை, ஈரோடு பக்கம் ஏதாவது ஒரு டையிங் யூனிட்டோட பாய்லர் ஹவுஸுக்குள்ள போய் தலையைத் தூக்கிப் பாருங்க. மெயின் ஸ்டீம் லைன் பூரா சூடு வெளிய போகாம இருக்க ராக்வுல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) சுத்தி அலுமினியம் தகடு போட்டு, அதாவது லேகிங் பண்ணி, பளபளன்னு ஓடும், வால்வு வர்ற எடத்துல மட்டும் தகடு சட்டுனு நின்னுடும், வால்வு வெறும் இரும்பா நிக்கும், அதைத் தாண்டினதும் மறுபடி தகடு ஆரம்பிச்சுடும். ஸ்டீம் பிரஷரைக் கொறைக்கற பிஆர்வி ஸ்டேஷன் இன்னும் மோசம், லைனை அடைக்கற ஐசொலேஷன் வால்வு, அழுக்கை வடிகட்டற ஸ்ட்ரெய்னர், பிஆர்வி, பைபாஸ்னு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கற எடம் அது, அங்க ஒண்ணுக்குமே போர்வை கெடையாது. கிட்டப் போனா மூஞ்சியில அனல் அடிக்கும்.

பதினஞ்சு வருஷத்துக்கு மேல இந்த லேகிங் தொழில்ல இருக்கேன், மொதல்ல தகடு வேலை, இப்போ பெரும்பாலும் கழட்டி மாட்டற இன்சுலேஷன் ஜாக்கெட் தைக்கற வேலை. எந்த எடத்துக்குப் போனாலும் மேனேஜ்மெண்ட் ஆளுங்க சொல்றது ஒண்ணுதான், "எங்க ஆளுங்களுக்கு இன்சுலேஷன் அருமை தெரியலைங்க"ன்னு. எனக்கு அது சரியாப் படல. பிளான்ட் புதுசா ஓட ஆரம்பிச்சப்போ அந்த வால்வுக்கும் தகட்டுல பொட்டி அடிச்சு மூடித்தான் இருந்திருப்பாங்க. ஆறு மாசத்துல கிளாண்ட் (வால்வோட தண்டு வெளிய வர்ற எடத்துல கசியாம அடைக்கற பாகம்) லீக் ஆயிருக்கும், ராத்திரி ஷிஃப்ட்ல ஃபிட்டர் வந்திருப்பாரு, மெஷின் நிக்குது, சூப்பர்வைசர் தலைக்கு மேல நிக்கறாரு, அவர் தகடு கத்திரியை எடுத்து பொட்டியை வெட்டித் தூக்கிப் போட்டுட்டு வேலையை முடிச்சிருப்பாரு. அதுக்கப்புறம் ஒரே ஒரு வால்வுக்காக லேகிங் ஆளை யாரு கூப்புடுவா? அடுத்த ஷட்டவுன்ல பாத்துக்கலாம்னு விட்டது, அப்படியே பத்து வருஷம் ஓடிடும்.

அதனால இந்த விஷயத்தை நான் பாக்கறதே வேற மாதிரி. சூட்டைத் தடுக்கற பொருள் நூறு இருக்கு, கடையில கெடைக்குது. ஸ்பேனர் பிடிக்கற கைக்கு எது ஒத்துவரும்ங்கறதுதான் இதுல கஷ்டமான கேள்வி. ஜாக்கெட்டுங்கற பொருளே அந்தக் கேள்வியில இருந்துதான் பொறந்துச்சு, அதுல துணி என்ன, நூல் என்ன, கட்டறது எப்படிங்கற ஒவ்வொரு முடிவும் அங்கதான் போய் நிக்கும்.

மொதல்ல நஷ்டம் எவ்வளவுன்னு பாத்துடுவோம், ஏன்னா இதைச் சொன்னா பாதிப் பேர் நம்பறதில்ல. 10 பார் பிரஷர்ல இருக்கற ஸ்டீம் கிட்டத்தட்ட 184 டிகிரி சூடு. வால்வோட மேல்பரப்பு 180 டிகிரின்னு வெச்சுக்கங்க, சுத்தி இருக்கற காத்து 30 டிகிரி. கதிர்வீச்சுல ஒரு சதுர மீட்டர்ல இருந்து 1,700 வாட் போகும், காத்து சூடாகி மேல ஏறறதுல இன்னொரு 1,000 வாட்டுக்கு மேல போகும், ஆக மொத்தம் 2.8 கிலோவாட் பக்கம். ஃபிளாஞ்சையும் (போல்ட் போட்டு இணைக்கற வட்ட விளிம்பு) சேத்து ஒரு 4 இன்ச் கேட் வால்வுக்கு அரை சதுர மீட்டர் பரப்புன்னு போட்டா 1.4 கிலோவாட், அதாவது ஒரு இஸ்திரிப் பெட்டியையோ சின்ன ஹீட்டரையோ ஆன் பண்ணி ராத்திரி பகலா அணைக்காம விட்ட மாதிரி. வருஷத்துல 300 நாள், 24 மணி நேரம் ஓடற யூனிட்டா இருந்தா அந்த ஒரு வால்வு மட்டும் 10,000 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல சூட்டைக் காத்துல விடுது. பாய்லர்ல வெறகு எரிக்கறாங்கன்னா, பாய்லரோட எஃபிஷியன்சியையும் கழிச்சுட்டுப் பாத்தா, வருஷத்துக்குச் சுமார் மூணரை டன் வெறகு. ஒரு வால்வுக்கு! அந்த பிஆர்வி ஸ்டேஷன்ல அதே மாதிரி எத்தனை நிக்குதுன்னு எண்ணிக்கங்க.

திருப்பூர்ல இந்தக் கணக்குக்கு இன்னொரு கனம் உண்டு. 2011 ஜனவரில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதுக்கு அப்புறம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளிய விடாம ஓட்டணும்னு ஆச்சு. தண்ணியைச் சுத்தம் பண்ற ஆர்ஓ போக மிஞ்சற உப்புத் தண்ணியை எவாப்பரேட்டர்ல வத்த வைக்கணும், அதுக்குத் தனியா ஸ்டீம் வேணும். சாயம் போடறதுக்கு மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருந்த வெறகு இப்போ தண்ணியை வத்த வைக்கறதுக்கும் எரியுது, ஸ்டீம் லைனும் நீளமாச்சு, வால்வும் கூடிப்போச்சு.

சரி, ஜாக்கெட்டுன்னா என்ன? நம்மூர்ல ஜாக்கெட்டுன்னு சொன்னாலே டெய்லர் கடைதான் ஞாபகத்துக்கு வரும், அது தப்பே இல்ல, இதுவும் அளவெடுத்து வெட்டித் தைக்கறதுதான். மூணு அடுக்கு. உள்பக்கம் சூட்டு மேல படற துணி, நடுவுல பஞ்சு மாதிரி இருக்கற நார் மெத்தை, வெளிப்பக்கம் தண்ணி, எண்ணெய், அழுக்கு ஏறாத துணி. நம்ம ஸ்டீம் லைனுக்கு உள்பக்கம் சாதா கண்ணாடி இழைத் துணி போதும், நடுவுல ஊசியால குத்தி இறுக்கின கண்ணாடி இழை மெத்தை 25 மில்லியோ 50 மில்லியோ, வெளிப்பக்கம் சிலிக்கான் பூசின கண்ணாடி இழைத் துணி, பெரும்பாலும் சாம்பல் நெறம். தைக்கற நூல் சாதா நூலா இருக்க முடியாது, கெவ்லார் நூலோ, டெஃப்லான் பூசின கண்ணாடி நூலோ, இன்னும் சூடான எடம்னா உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி ஓடற நூலோ போடுவோம். ஓரத்துல பெல்ட்டும் டி ரிங்கும், இல்லாட்டி கொக்கி வெச்சு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பியால கட்டற மாதிரி.

இது சூட்டை நிறுத்தறது எப்படின்னா, நார் நிறுத்தறதில்ல, நாருக்கு நடுவுல மாட்டிக்கிட்ட காத்துதான் நிறுத்துது. நல்லா இறுக்கமான மெத்தையிலயும் 100-க்கு 95 பங்கு காத்துதான். காத்து அசையாம நின்னா சூட்டைக் கடத்தறதுல ரொம்ப மந்தம், அசைஞ்சா சூட்டை அள்ளிக்கிட்டுப் போயிடும், அதை அசைய விடாம பிடிச்சு வெக்கறதுதான் நாரோட வேலை. கம்பளி போத்திக்கிட்டா ஏன் குளிரலைங்கறதும் இதே கதைதான். இது புரிஞ்சுட்டா ரெண்டு தப்பு தானா நின்னுடும். ஒண்ணு, பெல்ட்டை இழுத்து இழுத்து மெத்தையை நசுக்கறது, 25 மில்லி மெத்தையை 12 மில்லியா நசுக்கிக் கட்டினா பாதி மெத்தை போச்சுன்னு அர்த்தம். ரெண்டாவது, நனைய விடறது. தண்ணி காத்தை விட இருபது மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும், நனைஞ்ச ஜாக்கெட் வேலை செய்யாதது மட்டுமில்ல, உள்ள இருக்கற தண்ணியைக் கொதிக்க வெக்கற செலவும் நம்ம தலையிலதான். அதனாலதான் ஜாக்கெட்டோட அடிமட்டத்துல, எந்த எடம் கீழ தொங்குதோ அங்க, ஒரு சின்ன எஸ்எஸ் ஐலெட் (ஓட்டை வளையம்) அடிப்போம். கிளாண்ட் லீக் ஆனா தண்ணி அது வழியா சொட்டும், மெத்தையில தேங்காது, ஃபிட்டருக்கும் லீக் ஆகுதுன்னு தெரிஞ்சுடும். ரெண்டு ரூபாய் சாமான்தான், இல்லாத ஜாக்கெட்டுகளை நெறைய பாத்திருக்கேன்.

சூடு ஏற ஏற இன்னொரு விஷயம் உள்ள வருது. 180 டிகிரில காத்து வழியா போற சூடுதான் பெருசு. 500, 600 டிகிரின்னு போனா நாருக்கு நடுவுல இருக்கற இடைவெளி வழியா கதிர்வீச்சே நேரா தாவிப் போக ஆரம்பிக்கும். செராமிக் ஃபைபர் 200 டிகிரில எவ்வளவு கடத்துமோ அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல 600 டிகிரில கடத்தும், அதே மெத்தை, அதே தடிமன். அதனால ஹை டெம்பரேச்சர் எடத்துல அடர்த்தி அதிகமான மெத்தை, கன மீட்டருக்கு 96 இல்லாட்டி 128 கிலோ டென்சிட்டி போடுவாங்க. கேட்லாக்ல ஒரே ஒரு நம்பரைக் காட்டி இதுதான் எங்க பொருளோட கண்டக்டிவிட்டின்னு சொன்னா, எந்த டெம்பரேச்சர்லன்னு கேக்கணும், அதைச் சொல்லாத நம்பர் எதுக்கும் ஆகாது.

துணிகளோட தாங்கும் சூட்டுலயும் இதே குழப்பம் உண்டு. சிலிக்கான் பூச்சும் டெஃப்லான் பூச்சும் 260 டிகிரி வரைக்கும்தான். சாதா கண்ணாடி இழை 540 வரைன்னு போட்டிருப்பாங்க, ஆனா 350 தாண்டினாலே துணியோட பலம் கொறைஞ்சுக்கிட்டே வரும், தொடாம இருந்தா நிக்கும், மாசம் ஒரு தடவை கழட்டி மாட்டினா மடிப்புல கிழியும். 96 சதவீத சிலிகா துணின்னா 1,000 டிகிரி பக்கம் தாங்கும். செராமிக் ஃபைபர்ல 1260ன்னு ஒரு நம்பர் இருக்கும், அது அந்தப் பொருளை வகைப்படுத்தற டெம்பரேச்சர், நாள் பூரா அதுல வெச்சு ஓட்டறதுக்கான அளவு அதைவிடக் கம்மி. நெறைய பேர் 1260ங்கற நம்பரைப் பாத்துட்டு ஸ்டீம் வால்வுக்கே செராமிக் ஃபைபர் கேக்கறாங்க, அது வேண்டாம்னு நான் கைகூப்பிச் சொல்லுவேன். பணத்துக்காக இல்ல. செராமிக் ஃபைபர் தூசியை மனுஷனுக்குப் புற்றுநோய் தரக்கூடியதா இருக்கலாம்ங்கற 2பி பிரிவுல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வெச்சிருக்கு. ரொம்ப சூட்டுல வருஷக்கணக்கா இருந்ததுன்னா அந்த நாரு கொஞ்சம் கொஞ்சமா கிறிஸ்டோபலைட்டுங்கற சிலிகா படிகமா மாறவும் செய்யும், அதைக் கழட்டற ஆள் அந்தத் தூசியை மூச்சுல இழுப்பான். தேவைப்படற எடத்துக்கு மட்டும் போடணும், அங்கயும் இப்போ உடம்புல கரையக்கூடிய நாரு வகை கெடைக்குது, அதைக் கேட்டு வாங்கலாம். 180 டிகிரிக்குக் கண்ணாடி இழை தாராளம்.

இந்தப் பேச்சு வந்தா ஆஸ்பெஸ்டாஸைப் பத்திச் சொல்லாம போக முடியாது, ஏன்னா ஜாக்கெட்டுங்கற யோசனையே அந்தக் காலத்து ஆஸ்பெஸ்டாஸ் மெத்தையில இருந்து வந்ததுதான். டர்பைனுக்கும் கப்பல் எஞ்சினுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் துணியில பை தைச்சு, உள்ள அதே நாரை அடைச்சு, கம்பியால கட்டுவாங்க. சூடு தாங்கும், தைக்க வரும், விலையும் கம்மி. அதைக் கழட்டி மாட்டினவங்க நெறைய பேர் செத்தாங்க, கழட்டும்போதுதான் தூசி பறக்கும். நோய் வெளிய தெரியறதுக்கே 20, 30, 40 வருஷம் ஆகும். 1995ல நம்ம உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்குல கொடுத்த தீர்ப்புல, ஒவ்வொரு தொழிலாளியோட உடல்நலப் பதிவையும் வேலைக்குச் சேந்ததுல இருந்து 40 வருஷம், இல்லாட்டி வேலையை விட்டு 15 வருஷம், எது பின்னாடி வருதோ அதுவரைக்கும் வெச்சிருக்கணும்னு சொன்னாங்க, அந்த 40ங்கற நம்பர்லயே நோயோட குணம் தெரியுது. கப்பல்கள்ல 2011ல இருந்து புதுசா எந்த எடத்துலயும் போடக்கூடாதுன்னு உலக அளவுல தடை இருக்கு. இந்தியால முழுத் தடை இன்னும் வரல. அதனால பழைய மில்லுல, பழைய பாய்லர்ல, வெள்ளையா சாம்பல் பூத்த மாதிரி ஒரு மெத்தையோ கயிறோ பாத்தீங்கன்னா, தயவுசெஞ்சு கையால பிய்க்காதீங்க, தொடப்பத்தால கூட்டாதீங்க. சாம்பிள் எடுத்து லேப்ல பாத்துட்டுதான் தொடணும். எங்க பசங்களுக்கு நான் மொத நாள் சொல்லிக் கொடுக்கற பாடம் இது.

அளவெடுக்கற வேலையைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா ஜாக்கெட் ஜெயிக்கறதும் தோக்கறதும் இங்கதான். வால்வு ஓடிக்கிட்டு இருக்கும்போதே அளவெடுக்க வேண்டி வரும், 180 டிகிரி, டேப் உருகிடும், அதனால ஸ்டீல் டேப், கையில ரெண்டு ஜோடி உறை. ஃபிளாஞ்சோட சுத்தளவு, ஃபிளாஞ்சுல இருந்து ஃபிளாஞ்சு நீளம், போல்ட் ரெண்டு பக்கமும் எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கு, பானட் (வால்வோட மேல்மூடி) எங்க ஆரம்பிக்குது, கிளாண்ட் எந்த உயரத்துல இருக்கு, ஹேண்ட் வீலுக்கும் கிளாண்டுக்கும் நடுவுல கை போக எடம் இருக்கா, பக்கத்துல சுவர் எவ்வளவு தூரம், பைப்போட தகடு எந்த எடத்துல முடியுது. அந்தத் தகட்டு மேல ஜாக்கெட் ரெண்டு இன்ச்சாவது ஏறி நிக்கணும், இல்லாட்டி அந்த இடுக்கு வழியா சூட்டுக் காத்து புகைபோக்கியில ஏறற மாதிரி ஏறும். வந்து பேப்பர்ல பேட்டர்ன் வெட்டி, துணியில மார்க் பண்ணி, மெத்தையோட தடிமனுக்குத் தகுந்த மாதிரி வெளித்துணியைப் பெருசாவும் உள்துணியைச் சின்னதாவும் வெட்டணும். 100 மில்லி குழாய் மேல 50 மில்லி மெத்தை போட்டா வெளிச்சுத்து உள்சுத்தை மாதிரி ரெண்டு மடங்கு ஆயிடும், இதை விட்டுட்டு ரெண்டையும் ஒரே அளவுல வெட்டினா ஜாக்கெட் மூடவே மூடாது. புதுசா வர்ற பசங்க எல்லாரும் மொதல்ல பண்ற தப்பு அதுதான், பனியன் கம்பெனியில ரெண்டு வருஷம் தைச்சுட்டு வந்தவங்க கூட இதுல மாட்டிக்குவாங்க, அங்க துணிக்குத் தடிமன் கெடையாதே.

மெத்தை உள்ள நகராம இருக்க நடுநடுவுல குத்துத் தையல் போடணும், இல்லாட்டி பின் குத்தி வாஷர் போடணும். தையல் போட்ட எடத்துல மெத்தை நசுங்கும், பின் வழியா சூடு நேரா வெளிய வரும், தெர்மல் கேமராவுல பாத்தா புள்ளி புள்ளியா மின்னும். அதனால ரொம்ப நெருக்கமாவும் கூடாது, ரொம்ப தள்ளியும் கூடாது, தள்ளிப் போனா மெத்தை கீழ சரிஞ்சு ஜாக்கெட்டோட மேல்பாதி வெறும் துணி ஆயிடும்.

ஒரு தடவை பெருந்துறை பக்கம் ஒரு யூனிட்ல 40 வால்வுக்கு ஜாக்கெட் போட்டுக் கொடுத்தோம், கம்பி கட்டற மாடல், ஒவ்வொண்ணுலயும் பன்னெண்டு கொக்கி, பாக்க அவ்வளவு அழகு, எனக்கே பெருமையா இருந்துச்சு. எட்டு மாசம் கழிச்சுப் போய்ப் பாத்தா பதினேழு ஜாக்கெட் இல்ல. ஸ்டோர் ரூம் மூலையில மூட்டையா கெடந்துச்சு, சிலது பெஞ்சு மேல உக்காரறதுக்கு மடிச்சுப் போட்டிருந்தாங்க. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அங்க இருந்த ஃபிட்டர் என்னை விட வயசுல சின்னவர், பொறுமையா சொன்னாரு, "ணா, கிளாண்ட் டைட் பண்றது எனக்கு ரெண்டு நிமிச வேலைங்ணா. உங்க கம்பியைப் பிரிக்க பத்து நிமிசம், கட்ட இருபது நிமிசம், கம்பி சூட்டுல முறுக்கிக்கிட்டு வர மாட்டேங்குது. ராத்திரி நான் ஒத்தை ஆளு. நான் என்னங்ணா பண்றது?" அவர் சொன்னதுல எங்கயும் தப்பே கெடையாது. தப்பு என் கட்டிங் டேபிள்ல. அதுக்கப்புறம் வால்வு ஜாக்கெட்டுக்கு நான் கம்பி கட்டறதை விட்டுட்டேன், பெல்ட்டும் டி ரிங்கும்தான், கை உறை போட்ட கையால இழுத்தா இறுகணும், தள்ளினா கழலணும். கிளாண்ட் பக்கம் தனியா ஒரு சின்ன மூடி, முழு ஜாக்கெட்டைக் கழட்டாம அதை மட்டும் தெறக்கலாம். வெல்க்ரோ போட்டுப் பாத்தேன், சுலபம்தான், ஆனா டையிங் யூனிட்ல பறக்கற பஞ்சு அந்தக் கொக்கியில ஏறி ஒரே வருஷத்துல ஒட்டாம போச்சு. பெரிய ஜாக்கெட்டா இருந்தா ரெண்டு மூணு துண்டா பிரிச்சுடுவேன், ஒரு ஆள் ஒரு கையால தூக்கற எடையில.

இன்னொண்ணும் அங்கதான் கத்துக்கிட்டேன். ஜாக்கெட்டைத் திருப்பி மாட்டிடுவாங்க. சிலிக்கான் பக்கம் வழவழன்னு நல்லா இருக்கறதால அதுதான் உள்ள போகணும்னு நெனச்சு மாட்டினா, சூடு கொஞ்சம் கூடின லைன்ல பூச்சு கருகி, புகைஞ்சு, நாத்தம் அடிக்கும். அதனால இப்போ ஒவ்வொண்ணுலயும் ஒரு எஸ்எஸ் தகடு தைக்கறோம், வால்வு நம்பர் பஞ்ச் பண்ணி, அதுக்குக் கீழ "வெளிப்பக்கம்", "மேல்பக்கம்"னு. தமிழ்லயும் ஹிந்திலயும் போடறோம், ஏன்னா இன்னிக்கு நைட் ஷிஃப்ட்ல பாதிப் பேர் ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வந்த பசங்க. புது ஜாக்கெட் மொத தடவை சூடாகும்போது துணியில இருக்கற எண்ணெய்ப்பசையும் பைண்டரும் எரிஞ்சு கொஞ்ச நேரம் லேசா புகையும், அது வேற, அதையும் முன்னாடியே சொல்லி வெச்சுடணும், இல்லாட்டி பயந்து போய் தண்ணியை ஊத்திடுவாங்க.

தடிமன் எவ்வளவு வேணும்னு கேப்பாங்க. மேல போட்ட அதே கணக்குல 25 மில்லி மெத்தை போட்டா 2,800 வாட் போற எடத்துல 250 வாட் போகும், வெளித்துணி 55 டிகிரில நிக்கும். 50 மில்லி போட்டா 136 வாட், 44 டிகிரி. மொத ஒரு இன்ச் 91 சதவீதத்தைப் பிடிச்சுடுது, அடுத்த இன்ச் இன்னொரு 4 சதவீதம்தான். நடைமுறையில இடுக்கு, தையல்னு கொஞ்சம் கசியும், இருந்தாலும் கணக்கோட போக்கு இதுதான். வால்வு ஜாக்கெட்டைப் பொறுத்த வரைக்கும் 25 மில்லி ஜாக்கெட் மாட்டியே இருக்கறது 50 மில்லி ஜாக்கெட் ஸ்டோர் ரூம்ல இருக்கறதை விட எவ்வளவோ மேல், தடிமன் கூடக் கூட மடங்காது, மடங்காதது மாட்டப்படாது. எடம் ரொம்ப நெருக்கடியா இருந்தா ஏரோஜெல் மெத்தை இருக்கு. சாமுவேல் கிஸ்ட்லர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 1931ல கண்டுபிடிச்ச பொருள் அது, இப்போ நார் மெத்தைக்குள்ள ஊற வெச்சு சுருட்டி விக்கறாங்க. அதுல இருக்கற ஓட்டைங்க எவ்வளவு சின்னதுன்னா, காத்தோட ஒரு மூலக்கூறு இன்னொண்ணு மேல மோதறதுக்கு முன்னாடி ஓட்டையோட சுவர்ல மோதிடும், அதனால அசையாத காத்தை விடவும் கம்மியா கடத்தும். பாதித் தடிமன்ல அதே வேலை நடக்கும், 650 டிகிரி வரை தாங்கற வகை இருக்கு. விலை பல மடங்கு, வெட்டும்போது வெள்ளைப் பொடி பறந்து கையை வறவறன்னு ஆக்கிடும், ஆனா பிஆர்வி ஸ்டேஷன் மாதிரி கை நுழையாத எடத்துல அதுக்குக் கொடுக்கற காசு வீண் இல்ல.

வெளிப்பரப்பு சூட்டைப் பத்தி ஒரு விஷயம், கேட்டா நெறைய பேர் ஆச்சரியப்படறாங்க. அதே 25 மில்லி மெத்தை மேல பளபள அலுமினியத் தகடு போட்டா வெளிப்பரப்பு 55 இல்ல, 70 டிகிரி தாண்டும். பளபளப்பா இருக்கறது கதிர்வீச்சைச் சரியா விடாது, சூடு வெளிய போக வழி இல்லாம தகட்டுலயே நிக்கும். நஷ்டம் கம்மிதான், ஆனா தொட்டா சுடும், அதுவும் உலோகம்ங்கறதால சூட்டைச் சட்டுனு தோலுக்குள்ள எறக்கிடும். 60 டிகிரி உலோகத்தை 5 செகண்ட் தொடறதுதான் எல்லைன்னு ஒரு அமெரிக்க ஸ்டாண்டர்டு இருக்கு, தொழிற்சாலைகள்ல 60ங்கற நம்பர் அங்க இருந்துதான் பெரும்பாலும் வருது. துணி அப்படி இல்ல, அதே சூட்டுல இருந்தாலும் தோலுக்கு மெதுவாத்தான் கொடுக்கும். ஏணியில ஏறி பேலன்ஸ் போனா கை எதையாவது பிடிக்கும், பிடிச்சது எதுங்கறது அப்போ முக்கியம்.

இப்போ மூடக்கூடாத எடங்க. இதை ஜாக்கெட் விக்கறவங்க அவ்வளவா பேச மாட்டாங்க. சேஃப்டி வால்வோட ஸ்ப்ரிங் இருக்கற மேல்பாகத்தையும் வெண்ட்டையும் மூடக்கூடாது. ஸ்டீமை விடாம தண்ணியை மட்டும் வெளிய விடற தெர்மோஸ்டாட்டிக் ஸ்டீம் ட்ராப்பையும் அதுக்கு முன்னாடி இருக்கற கூலிங் லெக்கையும் (தண்ணி ஆறற குழாய்த் துண்டு) மூடக்கூடாது, தண்ணி கொஞ்சம் ஆறினாத்தான் அந்த ட்ராப் தெறக்கும், போத்திட்டீங்கன்னா கண்டன்சேட் (ஸ்டீம் ஆறி ஆன தண்ணி) உள்ளயே தேங்கும். கண்ட்ரோல் வால்வோட ஆக்சுவேட்டர், பொசிஷனர், பம்ப்போட பேரிங் எதையும் மூடக்கூடாது.

எல்லாத்தையும் விட ஆபத்தானது தெர்மிக் ஃப்ளூயிட் லைன், அதாவது ஸ்டீமுக்குப் பதிலா சூடான எண்ணெய் ஓடற குழாய். துணியை விரிச்சுக் காய வெக்கற ஸ்டென்டர் மெஷினுக்கு 250 டிகிரி, அதுக்கு மேலயும் எண்ணெய் போகும். ஃபிளாஞ்சுலயோ கிளாண்ட்லயோ லேசா கசிஞ்சா, வெளிய சொட்டினா கண்ணுக்குத் தெரியும், கசிவைச் சரி பண்ணிடலாம். ஜாக்கெட் போட்டிருந்தா அந்த எண்ணெய் மெத்தையில ஊறும். ஊறினது லட்சக்கணக்கான நார் மேல மெல்லிசா படரும், காத்தோட ஆக்சிஜன் அதோட சேந்து மெதுவா சூடாகும், அந்தச் சூடு வெளிய போக முடியாது, நாம போட்டதே சூட்டை வெளிய விடாத பொருள்தானே. நாள் கணக்குல உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டு இருக்கும். ஒரு மில்லுல நானே பாத்தேன், ஜாக்கெட் ஓரத்துல நூல் மாதிரி புகை வந்துச்சு, ஒரு பையன் என்னன்னு பாக்கலாம்னு பெல்ட்டைக் கழட்டினான், வெளிக்காத்து பட்டதும் குபுக்குனு பத்திக்கிச்சு. புருவம் கருகினதோட போச்சு, கடவுள் புண்ணியம். அன்னிக்கு அந்த மெத்தையைத் தைச்சது நான் இல்ல, ஆனா நானா இருந்திருக்கலாம், அந்த நாள்ல எனக்கும் இது முழுசா தெரியாது. அதுக்கப்புறம் தெர்மிக் ஃப்ளூயிட் லைன்ல ஃபிளாஞ்சுக்கும் கிளாண்டுக்கும் நார் ஜாக்கெட் கேட்டா, எவ்வளவு பெரிய ஆர்டரா இருந்தாலும் போட மாட்டேன்னு சொல்லிடறேன். அங்க எண்ணெய் உறிஞ்சாத மூடின செல் இருக்கற கண்ணாடி நுரைக் கட்டி போடலாம், இல்லாட்டி கை படாம ஒரு தகடு மறைப்பு வெச்சுட்டு வெறுமனே விட்டுடலாம். சூடு நஷ்டம் ஆனா ஆயிட்டுப் போகட்டும்.

கப்பல்ல கதை தலைகீழ். அங்க எண்ணெய் ஜாக்கெட்டுக்கு வெளிய இருந்து வரும். ஃப்யூயல் பைப் உடைஞ்சு டீசல் பீய்ச்சி அடிச்சா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல பட்டு எஞ்சின் ரூம் பத்திக்கும். அதனால கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸ் விதியில, எண்ணெய் படக்கூடிய எடத்துல 220 டிகிரிக்கு மேல இருக்கற எந்தப் பரப்பா இருந்தாலும் இன்சுலேட் பண்ணியே ஆகணும்னு இருக்கு. அங்க வெளித்துணி எண்ணெயை உள்ள விடாததா இருக்கணும், ஒரு போல்ட் அளவு எடம் தெரிஞ்சாலும் கப்பலைச் சோதிக்கற சர்வேயர் விட மாட்டாரு. எஞ்சினை ஓவர்ஹால் பண்ணும்போதெல்லாம் கழட்டி மாட்டற பொருள், கழட்டினவங்க அவசரத்துல ஒரு துண்டை மறந்துட்டாங்கன்னா அந்த ஒரு துண்டு எடம்தான் நெருப்புக்கு வழி.

தூத்துக்குடி, மேட்டூர் மாதிரி அனல் மின் நிலையத்துல 210 மெகாவாட் டர்பைன்னா ஸ்டீம் 540 டிகிரி பக்கத்துல வரும், அங்க மெத்தை வேற ஒரு வேலையும் பாக்குது. டர்பைனை நிறுத்தி ஆற விடும்போது கேஸிங்கோட மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே சீரா ஆறணும். கீழ்பாதி மெத்தை தன் கனத்துல தொங்கி கேஸிங்கை விட்டு ஒரு விரல் எறங்கிட்டா, அந்த இடைவெளியில காத்து புகுந்து கீழ்பாதி சீக்கிரம் ஆறும், சுருங்கும், மேல்பாதி இன்னும் சூடா நீளமா இருக்கும், கேஸிங் பூனை முதுகு மாதிரி மேல வளையும், உள்ள சுத்தற ரோட்டருக்கும் சீலுக்கும் நடுவுல இருக்கற மில்லிக்கும் கம்மியான இடைவெளி அடைஞ்சு ஒரசும். ஒரு கொக்கி சரியா கட்டாததால வர்ற வெனை. கட்டின ஆளுக்கு இது தெரிஞ்சிருந்தா இன்னும் ஒரு தடவை இழுத்துக் கட்டியிருப்பான், பெரும்பாலும் யாரும் அவனுக்குச் சொல்றதில்ல.

விண்வெளி ஓடத்துலயும் இதே குத்துத் தையல் மெத்தைதான், சிலிகா நாரை சிலிகா துணிக்குள்ள வெச்சு கட்டம் கட்டமா தைச்சது, ரொம்ப சூடாகாத பாகங்கள்ல சூடு தாங்கற டைல்ஸுக்குப் பதிலா ஒட்டியிருந்தாங்க. 2007 ஜூன்ல அட்லாண்டிஸ் மேல போனப்போ பின்பக்கத்துல ஒரு மெத்தையோட மூலை எழும்பிடுச்சு. டேனி ஒலிவாஸ்ங்கற விண்வெளி வீரர் வெளிய போய் அதை அமுக்கி, ஆஸ்பத்திரியில தோல் தைக்கற ஸ்டேப்ளரால பக்கத்து மெத்தையோட சேத்துக் குத்தினாரு. அந்த வீடியோவை எங்க தையல் பசங்களுக்குப் போட்டுக் காமிச்சேன், ஓரம் எழும்பினா என்ன ஆகும்னு நான் பத்து தடவை சொன்னதை விட அது நல்லாப் பதிஞ்சுச்சு.

நம்மூர் டையிங் யூனிட்டுக்கே உரிய ஒரு பிரச்சினையையும் சொல்லணும், உப்பு. ரியாக்டிவ் சாயத்துக்கு மூட்டை மூட்டையா உப்பு போடறாங்க, தரை, சுவர், காத்து எல்லாம் உப்பு. துணிக்குச் சாயம் போடற சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்புத் தண்ணி ஜாக்கெட்டுக்குள்ள எறங்கி, 60 டிகிரிக்கு மேல இருக்கற எஸ்எஸ் மேல திரும்பத் திரும்ப காஞ்சா, அதுல இருக்கற குளோரைடு எஸ்எஸ்ஸை முடி மாதிரி விரிசல் விட வெக்கும், வெளிய பாத்தா துருவே இருக்காது, ஒரு நாள் கசியும். அதனால எஸ்எஸ் மேல போடற மெத்தைக்குக் குளோரைடு கம்மியான கிரேடு கேக்கணும், மேல்பக்க மூட்டு மழைக்கோட்டு மடிப்பு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு கவுந்து தண்ணியைக் கீழ தள்ளணும், வருஷம் ஒரு தடவையாவது கழட்டி உள்ள பாக்கணும். தகடு அடிச்ச லேகிங்ல இதைப் பாக்கவே முடியாது, ஜாக்கெட்ல முடியும், ரெண்டு பெல்ட்தான்.

அந்தப் பதினேழு ஜாக்கெட் காணாம போன யூனிட்டுக்குப் போன மாசம் மறுபடி போயிருந்தேன். பெல்ட் மாடலுக்கு மாத்தி மூணு வருஷம் ஆச்சு. பிஆர்வி ஸ்டேஷன்ல ஸ்ட்ரெய்னர் கிளீன் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, ஜாக்கெட்டைக் கழட்டி பக்கத்துல தூண்ல ஒரு கம்பிக் கொக்கி வெல்டு வெச்சு அதுல மாட்டியிருந்தாங்க. தரையில போட்டா நனைஞ்சுடும்னு அந்த ஃபிட்டரே வெச்ச கொக்கியாம். நான் நின்னு பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஸ்ட்ரெய்னர் மூடியை டைட் பண்ணிட்டு, கொக்கியில இருந்து எடுத்து, தகட்டுல நம்பரைப் பாத்து, மாட்டி, மூணு பெல்ட்டையும் இழுத்தாரு. ஒரு நிமிஷம் கூட ஆகல.